ஊழியரை வெளிநாட்டு வேலைப் பயணத்துக்கு அனுப்புமுன்: சிங்கப்பூர் முதலாளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் இயங்கும் ஒரு சிறிய பொறியியல் நிறுவனம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பொட்டலமிடும் இயந்திரம் ஒன்றை விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொருத்தி ஓட வைத்துக் கொடுக்க மூன்று பேர் போக வேண்டும். விற்பனை மேலாளர் சிங்கப்பூர்க் குடிமகன். மின்பொறியாளர் மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. தொழில்நுட்பர் தஞ்சாவூர்க்காரர், எஸ் பாஸ் என்ற இடைநிலைத் திறன் ஊழியர்களுக்கான வேலை அனுமதியில் இருப்பவர். மூவருக்கும் ஒரே விமானம், ஒரே ஹோட்டல். சட்டத்தின் கணக்கில் மட்டும் இவை மூன்று தனித்தனிப் பயணங்கள்.

அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது "எத்தனை நாள்?" என்பதுதான். அதற்கும் முன்னால் மூன்று விவரங்கள் தெரிய வேண்டும்: போகிறவர் எந்தக் கடப்பிதழில் போகிறார், அங்கே கையால் என்ன செய்யப்போகிறார், அந்தச் செலவு கடைசியில் யார் கணக்கில் ஏறும். விசா, வரி, காப்புறுதி எல்லாவற்றிலும் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வருபவை.

படி 1: டிக்கெட்டுக்கு முன் ஒரு பக்கத் தாள்

பயணம் உறுதியானதும் துறைத் தலைவர் ஒரு பக்கத் தாளை நிரப்பி மனிதவளப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும். கடப்பிதழ் எந்த நாட்டுடையது, எப்போது காலாவதியாகிறது, வேலை அனுமதி அல்லது மறுநுழைவு அனுமதி முடியும் தேதி, எந்த ஊர், எந்த நிறுவனத்தின் வளாகம், நாள்வாரியாக என்ன வேலை, எந்த ஒப்பந்தம் அல்லது கொள்முதல் ஆணையின் கீழ், கொண்டுபோகும் கருவிகள், இந்த ஆண்டு அதே நாட்டில் ஏற்கெனவே தங்கிய நாள்கள், செலவை வாடிக்கையாளரிடமோ துணை நிறுவனத்திடமோ திரும்பப் பெறப்போகிறீர்களா. இவ்வளவுதான் கேள்விகள்.

"என்ன வேலை" என்ற கட்டத்தில் "திட்ட ஆதரவு", "தள வருகை" போன்ற பொதுச் சொற்களை ஏற்காதீர்கள். "முதல் 2 நாள் இயந்திரத்தை இறக்கிப் பொருத்துதல், 3 நாள் மின்இணைப்பும் சோதனை ஓட்டமும், 1 நாள் வாடிக்கையாளரின் ஆள்களுக்குப் பயிற்சி" என்று எழுதி வாங்குங்கள். விசா முடிவு இந்த வரியைப் பார்த்துத்தான் எடுக்கப்படும்.

எல்லோருக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கான விதியே பொருந்தினால் ஆயத்தத்துக்கு மூன்று வாரம் போதும். இந்தியக் கடப்பிதழில் ஒருவர் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்குக் குறைந்து தொடங்காதீர்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நாள்களைவிட நேர்காணலுக்கு இடம் கிடைக்கும் நாள்தான் பெரும்பாலும் காலத்தைத் தின்னும்.

படி 2: கூட்டமா, கைவேலையா?

விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைய முடியும் என்பதாலேயே அங்கே வேலை செய்யலாம் என்று ஆகிவிடாது. கூட்டத்தில் உட்காருவது, ஒப்பந்தம் பேசுவது, கண்காட்சியைப் பார்ப்பது ஆகியவற்றை ஏறக்குறைய எல்லா நாடுகளும் வணிக வருகையாக ஏற்கின்றன. திருப்புளியைக் கையில் எடுத்ததும் பல நாடுகளில் கதை மாறிவிடுகிறது. சம்பளம் சிங்கப்பூரிலிருந்துதான் போகிறது என்பது அங்கே ஒரு காரணமாகாது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடிமகன் 'எஸ்டா' எனும் இணையவழி முன்ஒப்புதலுடன் 90 நாள் வரை வணிக வருகையாகப் போகலாம். மலேசிய, இந்தியக் கடப்பிதழ்க்காரர்கள் பி-1 எனும் வணிக வருகை விசா எடுத்தாக வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரத்தைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் அந்த நிறுவனத்தின் ஆள்கள் பி-1இல் வரலாம். ஆனால் விற்பனை ஒப்பந்தத்திலேயே அந்தச் சேவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டடம் கட்டும் வேலையைத் தாங்களே செய்யக் கூடாது. மேற்பார்வையும் பயிற்சியும் மட்டும் தரலாம். இந்த எல்லைக்கோடு எவ்வளவு கூர்மையானது என்பதை 2025 செப்டம்பர் 4ஆம் தேதி உலகமே பார்த்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய்–எல்ஜி பேட்டரி ஆலைக் கட்டுமானத் தளத்தில் அதிகாரிகள் நடத்திய சோதனையில் சுமார் 475 பேர் பிடிபட்டனர். அவர்களில் 300க்கும் மேற்பட்டவர்கள் தென்கொரியர்கள். வணிக வருகை விசாவிலும் விசா விலக்கிலும் வந்தவர்கள் பலர் அதில் இருந்தனர்.

ஜெர்மனியில் வழி வேறு. வெளிநாட்டு விற்பனையாளரின் ஆள்கள் தாங்கள் விற்ற இயந்திரத்தைப் பொருத்த 12 மாதத்தில் 90 நாள் வரை வரலாம். வேலை தொடங்குமுன் அந்நாட்டின் கூட்டரசு வேலைவாய்ப்பு அமைப்புக்கு முதலாளி அறிவிக்க வேண்டும். இந்த அறிவிப்பைத்தான் பல நிறுவனங்கள் தவறவிடுகின்றன. தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் 29 சேர்ந்து ஒரே கணக்கு: எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் கூடாது. பாரிசில் போன மாதம் விடுமுறை கழித்த நாள்களும் அதில் சேரும். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய மின்னியல் நுழைவு–வெளியேற்றப் பதிவு முத்திரைக்குப் பதில் கைரேகையையும் முகத்தையும் பதிகிறது. நாளைக் கூட்டிப் பார்ப்பது இயந்திரம் என்பதால் முத்திரை மங்கிவிட்டது என்று சொல்ல இனி இடமில்லை. நம் தஞ்சாவூர்த் தொழில்நுட்பருக்கு ஷெங்கன் விசா தேவை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். அந்த 15ஆவது நாளை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது.

பிரிட்டனுக்கு விசா தேவைப்படாத சிங்கப்பூர்க் குடிமக்களும் 2025 ஜனவரி 8 முதல் மின்னியல் பயண ஒப்புதல் எடுக்க வேண்டும். தயாரிப்பாளர் அல்லது விற்பனையாளரின் ஊழியர் ஒப்பந்தத்தின்கீழ் இயந்திரத்தைப் பொருத்துவதையும் பழுதுபார்ப்பதையும் அங்கே வருகையாளர் விதிகளே அனுமதிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் கூட்டங்களுக்கு 601 வகை மின்னியல் அனுமதி போதும். சிறப்புத் திறனோடு கைவேலை செய்யப் போனால் 400 வகை விசாவைப் பாருங்கள். சீனா 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூர்க் குடிமக்களை 30 நாள் விசா இன்றி அனுமதிக்கிறது. வணிகக் கூட்டங்களுக்கு அது பொருந்தும், வேலை செய்யப் பொருந்தாது.

அதிகம் சறுக்குவது தூர தேசங்களில் இல்லை, பக்கத்தில்தான். "ஜோகூர்தானே, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம்" என்று சொல்லித் தொழில்நுட்பரை வேனில் ஏற்றி உட்லண்ட்ஸ் பாலத்தைக் கடக்க வைப்பது பழகிப்போன வழக்கம். அரை நாள் கைவேலையும் வேலைதான். மலேசியாவில் குறுகிய காலத் தொழில்நுட்பப் பணிக்கு நிபுணத்துவ வருகை அனுமதி என்று தனி அனுமதி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது மலேசிய நிறுவனம், நீங்கள் அல்ல. ஆகவே விற்பனை ஒப்பந்தத்திலேயே "அனுமதி பெறுவது வாங்குபவரின் பொறுப்பு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை. சிங்கப்பூர் வேலை அனுமதியோ நிரந்தரவாசத்தகுதியோ வைத்திருக்கும் இந்தியக் கடப்பிதழ்க்காரருக்குத் தேவை. வருவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். நிறுவன வாகனத்தில் போனால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியையும் பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும் என்ற நம் ஊர் விதி நிறுவனக் காருக்கும் பொருந்தும்.

தாய்லாந்தில் அவசரமான, தவிர்க்க முடியாத வேலைக்கு 15 நாள் வரை முறையான வேலை அனுமதி இல்லாமல் அறிவிப்பு மட்டும் கொடுத்துச் செய்யலாம். "அவசரம்" என்பது அங்கே வெறும் சொல் இல்லை. திடீரென்று நின்றுபோன உற்பத்தி வரிசையைச் சரிசெய்வது அவசரம். ஆறு மாதம் முன்பே அட்டவணையிட்ட பராமரிப்பை அந்தப் பெயரில் காட்டுவது சிரமம்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம் என்பதால் ஒன்று. இந்தியக் குடியுரிமையைத் துறந்து சிங்கப்பூர்க் குடிமகனானவர் இந்திய விசா கேட்கும்போது பழைய கடப்பிதழை ஒப்படைத்ததற்கான சான்றிதழைக் கேட்பார்கள். பத்து ஆண்டுக்கு முன் குடியுரிமை மாறிய ஒருவரை இதுவரை யாரும் வேலையாக அனுப்பியதில்லை என்றால், அந்தச் சான்றிதழை அவர் வாங்கியே இருக்கமாட்டார். கடைசி வாரத்தில் இது தெரியவந்தால் பயணம் தள்ளிப்போகும்.

அடிக்கடி பறக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஆசிய-பசிபிக் கூட்டமைப்பான ஏபெக்கின் வணிகப் பயண அட்டை எடுத்துத் தருவது பயன் தரும். கூட்டங்களுக்கு வரிசை குறையும். வேலை அனுமதியாக அதைப் பயன்படுத்த முடியாது.

படி 3: அழைப்புக் கடிதமும் அனுப்பும் கடிதமும்

இரண்டு கடிதங்கள் வேண்டும். வாடிக்கையாளரின் அழைப்புக் கடிதத்தில் ஊழியரின் பெயர், கடப்பிதழ் எண், தேதிகள், வளாக முகவரி, ஒப்பந்த எண், அங்கே பொறுப்பாளர் யார் என்பவை இருக்கட்டும். உங்கள் கடிதம் அவர் உங்கள் ஊழியர் என்பதையும், சம்பளத்தையும் செலவையும் நீங்கள் தருவதையும், வேலை முடிந்ததும் திரும்பிவிடுவார் என்பதையும் சொல்லட்டும். இரண்டும் முதல் படியில் எழுதிய நாள்வாரி வேலையோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் "கூட்டம்", இன்னொன்றில் "பொருத்துதல்", பெட்டியில் 20 கிலோ ஸ்பேனர் என்றால் குடிநுழைவு அதிகாரி வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

வேலையை மறைக்கும் வாசகத்தை ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பொய் சொன்னதாகப் பதிவாகி நுழைவுத்தடை விழுந்தால் அதைச் சுமப்பவர் அவர்தான். கேட்டால் ஒரே வாக்கியத்தில், கடிதத்தில் உள்ளதையே சொல்லும்படி தயார்ப்படுத்துங்கள்.

படி 4: சிங்கப்பூர் வாசலில் பார்க்க வேண்டியவை

கடப்பிதழில் திரும்பும் நாளுக்கு அப்பால் ஆறு மாதம் இருக்கட்டும். நிரந்தரவாசியின் மறுநுழைவு அனுமதி பயணம் முழுவதும் செல்லுபடியாக வேண்டும். நிரந்தரவாசத்தகுதி தப்பிப்பது அதைப் பொறுத்தது. வேலை அனுமதிக்காரர் வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி முடிந்துபோகும் நிலையை உருவாக்காதீர்கள், புதுப்பித்துவிட்டு அனுப்புங்கள்.

போர்க்காலப் படைவீரர்கள் விஷயத்தில் 'எஸ்ஏஎஃப் 100' எனும் பயிற்சி அழைப்பாணை கையில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். முகாம் பயிற்சியும் பயணமும் மோதினால் ஒத்திவைப்புக்கு 'ஒன்என்எஸ்' இணையவாசலில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி அனுப்பினார் என்பது பயிற்சிக்கு வராததற்குச் சமாதானமாகாது. நீண்ட பயணங்களுக்கு வெளிநாட்டு அறிவிப்பும் வெளியேறும் அனுமதியும் அதே தளத்தில்தான்.

படி 5: வரி, 183 நாள் மயக்கம்

"183 நாளுக்குள் இருந்தால் வரி கிடையாது" என்பது அரை உண்மை. இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்பாடுகளில் உள்ள அந்த விலக்குக்கு மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: நாள் வரம்பு, சம்பளம் தருபவர் அந்நாட்டைச் சாராத முதலாளியாக இருத்தல், அந்தச் சம்பளச் செலவு முதலாளிக்கு அங்குள்ள நிரந்தர நிலையத்தின்மேல் (அந்நாடு வரி விதிக்கக்கூடிய கிளை போன்ற நிலையான வணிக இருப்பின்மேல்) ஏறாதிருத்தல். ஆண்டு முடிவில் கணக்காளர் "குழும நிறுவனங்களுக்கிடையே பகிர்வு" என்று ஒரு விலைப்பட்டியல் போட்டு ஊழியரின் சம்பளத்தை அங்குள்ள கிளைக்குத் தள்ளிவிட்டால் மூன்றாவது நிபந்தனை உடைகிறது. பத்து நாள் போனவருக்கும் அங்கே வரி வரலாம். விலைப்பட்டியல் போடுமுன் பயணப் பதிவைப் பார்க்கும் பழக்கம் கணக்குப் பிரிவுக்கு வர வேண்டும்.

183 நாளை எண்ணும் காலமும் உடன்பாட்டுக்கு உடன்பாடு மாறும்: சிலவற்றில் நாட்காட்டி ஆண்டு, சிலவற்றில் ஏதாவது 12 மாதம், இந்தியாவோடு ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டு.

உடன்பாடே இல்லாத நாடுகளும் உண்டு. அவற்றில் பெரியது அமெரிக்கா. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான வருமானவரி உடன்பாடு இல்லை. அமெரிக்க உள்நாட்டுச் சட்டத்தின் சிறிய விலக்கு மட்டும் உண்டு: வரியாண்டில் 90 நாளுக்கு மிகாமல் தங்கி, அங்கே செய்த வேலைக்கான ஊதியம் 3,000 அமெரிக்க டாலருக்கு மிகாமல் இருக்க வேண்டும். மாதம் 9,000 சிங்கப்பூர் வெள்ளி வாங்கும் பொறியாளர் ஏறக்குறைய இரண்டு வாரத்திலேயே அந்த வரம்பைத் தொட்டுவிடுவார். ஹாங்காங்கோடும் முழுமையான உடன்பாடு இல்லை. அங்கே வரியாண்டில் 60 நாளுக்கு மிகாத வருகைக்கு உள்ள விலக்கைப் பாருங்கள்.

மேலே சொன்னது ஊழியரின் வரி. நிறுவனத்தின் வரி அதைவிடப் பெரிய குழி. சிங்கப்பூர்–இந்திய உடன்பாட்டின்படி, தொழில்நுட்பச் சேவைக் கட்டணமாகத் தனியே வரி விதிக்கப்படுபவை நீங்கலான மற்ற சேவைகளை உங்கள் ஆள்கள் அங்கே ஒரு நிதியாண்டில் 90 நாளுக்கு மேல் வழங்கினால் உங்களுக்கு அங்கே நிரந்தர நிலையம் இருப்பதாகக் கொள்ளப்படும். சேவை பெறுபவர் உங்கள் சொந்தத் துணை நிறுவனம் என்றால் வரம்பு 30 நாள்தான். சென்னையில் துணை நிறுவனம் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை மூன்று நாள் யாரையாவது அனுப்பும் நிறுவனம் ஆண்டுக்குள் அதைத் தாண்டிவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக நாள் எண்ணி "யாருமே 30 தாண்டவில்லை" என்று நிம்மதியடைவதுதான் இங்கே நடக்கும் தவறு.

உடன்பாட்டுச் சலுகை கேட்க உங்கள் நிறுவனம் சிங்கப்பூர் வரிவாசி என்பதற்கான சான்றிதழைச் சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸின் 'மைடேக்ஸ்' இணையவாசலில் வாங்கலாம். பயணத்துக்கு முன்பே வாங்கி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டால் அவர் பணம் தரும்போது கூடுதலாகப் பிடித்தம் செய்யும் சண்டை குறையும்.

இங்கே ஊழியரின் வரி எப்போதும்போலத்தான். சிங்கப்பூர் வேலையின் பகுதியாக வெளியே போய் வந்த நாள்களுக்கான சம்பளமும் சிங்கப்பூரில் வரிக்கு உட்பட்டது.

படி 6: சம்பளம், தினப்படி, மசேநிதி

தினப்படி என்பது உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, சலவை போன்ற சில்லறைச் செலவுகளுக்கு. ஐராஸ் ஒவ்வோர் ஆண்டும் நாடுவாரியாக ஏற்கத்தக்க தினப்படி அளவை வெளியிடுகிறது. அதற்குள் கொடுத்தால் ஊழியருக்கு வரி இல்லை. மேலே கொடுத்தால் மிகுதித் தொகை மட்டும் அவருடைய வருமானம். ஊழியரின் ஆண்டு வருமானத்தைத் தெரிவிக்கும் ஐஆர்8ஏ விவரத்தில் அதைக் காட்ட வேண்டும். 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருக்கும் நிறுவனம் மார்ச் 1க்குள் இதை மின்னியல்முறையில் அனுப்பியாக வேண்டும். "எல்லா நாட்டுக்கும் ஒரே தினப்படி" என்ற கொள்கை எளிது, ஆனால் செலவு குறைந்த நாடுகளில் அது அளவைத் தாண்டிப்போகும். அந்த மிகுதியை யாரும் கவனிப்பதில்லை. ரசீது கொடுத்துச் செலவைத் திரும்பப் பெறுவது வேறு. அது வருமானம் ஆகாது, அதற்கு மசேநிதி (மத்திய சேமநிதி) சந்தாவும் இல்லை. சம்பளத்துக்கான மசேநிதி குறுகிய பயணத்தால் நிற்பதில்லை.

வெளிநாட்டு ஹோட்டல் பில்லில் உள்ள அந்நாட்டு வரியை ஜிஎஸ்டி எஃப்5 படிவத்தில் கழிக்க முயலாதீர்கள். கழிக்க முடிவது சிங்கப்பூர் ஜிஎஸ்டி மட்டும்.

வேலை நேரமும் கேள்வியாகும். மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்பு ஊழியர்களுக்கும் 2,600 வெள்ளி வரை வாங்கும் மற்றவர்களுக்கும் வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி பொருந்துகிறது: வாரம் 44 மணி, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. ஓய்வுநாளில் முதலாளி கேட்டு அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். "வெளியூர் போனவருக்குத் தினப்படிதான் உண்டு, ஓவர்டைம் கிடையாது" என்று ஒன்றால் இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. ஞாயிறன்று பறப்பது ஓய்வுநாளா வேலைநாளா என்பதையும், பொது விடுமுறைக்கு மாற்றுநாள் எப்போது என்பதையும் பயணக் கொள்கையில் எழுதிவிடுங்கள். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மறுநாள் திங்கள் இங்கே விடுமுறை. அந்த வாரம் தளத்தில் ஆள் வேண்டும் என்றால் இப்போதே ஊழியரோடு பேசி எழுத்தில் வைப்பது நல்லது. பெயர்ப்பட்டியலில் யார் வீட்டில் தீபாவளி என்று பார்த்துவிட்டு அட்டவணை போடுவதற்குச் சட்டம் தேவையில்லை.

படி 7: காப்புறுதியில் உள்ள ஓட்டைகள்

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டுப் பணிப் பயணத்திலும் தொடர்கிறது. வேலையால் விபத்து நேர்ந்தால் அது சிங்கப்பூருக்கு வெளியே நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு மருத்துவச் செலவு வரம்பு 53,000 வெள்ளி, மரண இழப்பீட்டின் உச்சம் 269,000 வெள்ளி, நிரந்தர இயலாமைக்கு 346,000 வெள்ளி. உடலுழைப்பு ஊழியர் எல்லோருக்கும், 2,600 வெள்ளிக்கு மிகாத மற்றவர்களுக்கும் காப்புறுதி எடுப்பது கட்டாயம். அதற்கு மேல் வாங்கும் மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை என்றாலும் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையதே.

காய இழப்பீட்டுக் காப்புறுதி வெளிநாட்டில் காய்ச்சலில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளாது. அவரைப் படுக்கையோடு விமானத்தில் சிங்கப்பூர் கொண்டுவரும் செலவையும் அதை நம்பித் திட்டமிட முடியாது. அதற்குத்தான் பயணக் காப்புறுதி. அதை வாங்கும்போது விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள். உடலுழைப்பு வேலையின்போது நேரும் காயத்தை விலக்கும் வரி பல திட்டங்களில் இருக்கும். மேலாளருக்குச் சரியாகப் பொருந்தும் அதே திட்டம் ஏணியில் ஏறும் தொழில்நுட்பருக்கு வெற்றுக் காகிதம். எழுத்துபூர்வமாக அந்த விலக்கை நீக்கித் தரச் சொல்லுங்கள், கூடுதல் கட்டணம் கேட்டாலும். உயரத்தில் வேலை, மோட்டார்சைக்கிள், ஏற்கெனவே உள்ள நோய், போர்ச்சூழல் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எஸ் பாஸ், வேலை அனுமதிக்காரர்களுக்கு நீங்கள் எடுத்திருக்கும் ஆண்டுக்கு 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி நாட்டுக்கு வெளியே செல்லும் என்று நம்பிவிடாதீர்கள்; பத்திரத்தைப் பாருங்கள்.

படி 8: பெட்டியில் என்ன போகிறது

திரும்பக் கொண்டுவரப்போகும் கருவிகளுக்கும் காட்சிப் பொருள்களுக்கும் 'ஏடிஏ கார்னெட்' எடுத்தால் அங்கே தற்காலிகமாக வரியின்றி நுழையலாம். சிங்கப்பூரில் அதை வழங்குவது சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தகச் சபை, ஓராண்டு செல்லும். பட்டியலில் வரிசை எண் உட்பட எழுதியதுதான் பெட்டியில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டார் என்று ஒரு மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் அந்நாட்டுச் சுங்க வரியை நீங்கள் கட்டுவீர்கள். உதிரிப் பாகங்கள் இயந்திரத்தில் தங்கிவிடுபவை என்பதால் அவற்றை இதில் சேர்க்காமல் முறையாக ஏற்றுமதி செய்யுங்கள்.

கம்பியில்லாத் துளையிடும் கருவியின் பேட்டரி பலமுறை சாங்கியிலேயே நின்றுவிடும். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. 100க்குள் என்பதால் கைப்பையில் போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 18 வோல்ட், 9 ஆம்பியர்-மணி 162 ஆகிறது; பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாது. கருவி சரக்குப் பெட்டியில், உதிரி பேட்டரி எப்போதும் கைப்பையில். சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி (சீனாவின் கட்டாயத் தரச்சான்று) முத்திரை இல்லாத பவர் பேங்க் 2025 ஜூன் 28 முதல் தடை. ஷாங்ஹாயில் இறங்கி இன்னோர் ஊருக்கு மாறுகிறவர்கள் அங்கே இழப்பார்கள்.

கணினியில் உள்ள வரைபடமும் ஏற்றுமதிதான். உத்திமுறைப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வரும் கருவிக்கோ தொழில்நுட்பத்துக்கோ கையில் எடுத்துப்போனாலும் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை அனுமதி தேவை. வாடிக்கையாளர்களின் தனிநபர் தரவு நிறைந்த மடிக்கணினி தொலைந்தால், அது 500 அல்லது அதற்கு மேற்பட்டவர்களைப் பாதிக்கும் கசிவு என்று மதிப்பிட்ட 3 நாட்காட்டி நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். பயணத்துக்கு வெற்றுக் கணினி ஒன்றைத் தனியே வைத்திருப்பது மலிவான தீர்வு. 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் எடுத்துச் சென்றால் சிங்கப்பூரிலிருந்து வெளியேறும்போதே அறிவிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே கைதாக நேரலாம். துபாய்க்குப் போகிறவர் பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் அது அங்கே போதைப்பொருள் குற்றம். சிங்கப்பூருக்குள்ளும் கசகசாவுக்குத் தடைதான். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு மருத்துவர் கடிதமும் அந்நாட்டு முன்அனுமதியும் தேவைப்படலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் சிங்கப்பூரில் குற்றம். பேங்காக்கில் கடையில் விற்கிறார்கள் என்பது சாங்கியில் எடுபடாது.

படி 9: "டீ காசு"

சுங்கத்தில் கருவி மாட்டிக்கொண்டு நிற்கும்போது "கொஞ்சம் கொடுத்தால் முடிந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தையும் உள்நாட்டில் கொடுத்ததாகவே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு நடத்துகிறது. 100,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. ஊழியருக்கு இரவிலும் அழைக்கக்கூடிய ஒரு எண்ணும், "தாமதமானால் பரவாயில்லை, கொடுக்காதீர்கள்" என்ற எழுத்துபூர்வமான உத்தரவும் வேண்டும். உத்தரவு இல்லாமல் காலக்கெடுவை மட்டும் கொடுத்து அனுப்பினால், கொடுக்கச் சொன்னது போலத்தான் அவர் புரிந்துகொள்வார்.

படி 10: அங்கே ஏதாவது நடந்தால்

குடிமக்களை வெளியுறவு அமைச்சின் 'இ-ரெஜிஸ்டர்' தளத்தில் பதியச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அவரவர் நாட்டுத் தூதரகம்தான் துணை, சிங்கப்பூர்த் தூதரகம் இல்லை. கடப்பிதழ் தொலைந்தால் இந்த வேறுபாடு கடுமையாகத் தெரியும். குடிமகனுக்குச் சிங்கப்பூர்த் தூதரகம் நாடு திரும்ப ஓர் ஆவணம் தரும். இந்தியக் குடிமகனுக்கு இந்தியத் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குப் போக மட்டுமே. அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் திரும்ப முடியாது. புதுக் கடப்பிதழ் வரும்வரை அங்கேயே தங்கும் செலவா, சொந்த ஊருக்குப் போய்ப் புதுக் கடப்பிதழ் வாங்கும் செலவா என்று முடிவெடுக்க வேண்டியது நீங்கள்.

வேலையிட விபத்து நேர்ந்து மருத்துவ விடுப்போ இலகுவேலையோ கொடுக்கப்பட்டால், தெரிந்த நாளிலிருந்து 10 நாள்களுக்குள் மனிதவள அமைச்சிடம் தெரிவியுங்கள். அங்குள்ள மருத்துவ அறிக்கையை ஆங்கில மொழிபெயர்ப்போடு கிளம்புமுன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பின் தாய், இந்தோனீசிய மருத்துவமனைகளிடம் கடிதம் எழுதிக் கேட்பது வாரக்கணக்கில் இழுக்கும்.

படி 11: திரும்பி வந்த பின்

விமானத்தில் திரும்புகிறவர் சிங்கப்பூர் வருகை அட்டையை மறக்க வேண்டாம். தரைவழி சோதனைச் சாவடியில் வரும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதிக்காரர்களுக்கு மட்டுமே விலக்கு.

ஒரு வாரத்துக்குள் செலவுக் கணக்கை முடியுங்கள். அதே நாளில் பயணப் பதிவேட்டில் உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, அங்கே வேலை செய்த நாள்கள், யார் செலவு என்ற நான்கையும் ஏற்றுங்கள். தானியங்கிக் கதவுகளால் கடப்பிதழில் முத்திரை விழுவதில்லை. விமான அனுமதிச்சீட்டைப் படமெடுத்து இணைத்தால்தான் பின்னாளில் ஆதாரம் இருக்கும். இந்தப் பதிவேட்டை நாடுவாரியாகக் கூட்டிக் காலாண்டுக்கு ஒருமுறை கணக்காளரிடம் காட்டுங்கள். ஷெங்கன் 90, இந்தியத் துணை நிறுவனத்தின் 30, அமெரிக்காவின் 3,000 டாலர் ஆகியவற்றை நெருங்குவது அப்போதுதான் தெரியும். ரசீதுகளையும் பதிவேட்டையும் ஐராஸுக்காக 5 ஆண்டு வைத்திருங்கள். விசாவுக்காக வாங்கிய கடப்பிதழ் நகல்களை மட்டும் தேவை முடிந்ததும் அழித்துவிடலாம்.